மூன்றாவது தலைச்சன்

போன மாதம் என் தங்கை மகள் கவிதா சின்னசேலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் என்னைப் போலக் கிராம சுகாதார செவிலியர்தான். எனக்கு ரிட்டயர்மென்ட் ஆன வருஷம் அவளுக்கு வேலை கிடைத்தது. வந்ததும் வராததுமாகக் கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து பீற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கல்லாம் வெரலு தேய எழுதினீங்களே பெரிம்மா, இப்ப பாருங்க. முன்னயே புள்ள பெத்தவங்களா இருந்தா பழைய நம்பரத் தட்டினா போதும். பேரு, வயசு, ரத்த வகை, வூட்டுக்காரரு பேரு எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்."

"வூட்டுக்காரரு பேருமா?"

"ஆமா, அதுவுந்தான்."

"அதே ஆளுதானான்னு கேப்பியா?"

"ஐய, இன்னா பெரிம்மா! ஒரு பொம்பளையப் பாத்து அத எப்படிக் கேக்கறது? தொடப்பத்தத் தூக்கினு வருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இதே பதிலை இதே சிரிப்போடு ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த என் மேல்தான். டேப்லெட் இன்றைக்குச் செய்கிற அந்த வேலையை நான் என் கையால், நல்ல கையெழுத்தில் செய்தவள். அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கவிதா படித்தால் படிக்கட்டும், படிக்காவிட்டால் போகட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றரை வருஷம் விடுதிச் சாப்பாடு, அதன் பிறகு தியாகதுருகம் பக்கத்தில் ஒரு துணை நிலையத்தில் இரண்டு வருஷம். பிறகு கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்தது. மலை என்றதும் என் அம்மா அழுதாள். எனக்கும் பயம்தான். மூன்று மாதத்தில் யாரையாவது பிடித்துக் கீழே வந்துவிடலாம் என்று ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறினேன். பதினோரு வருஷம் அங்கே இருந்தேன்.

அப்படி இருந்ததற்குக் காரணம் வசந்தா டாக்டர். மலைமேல் எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர்தான் மருத்துவ அலுவலர். ஒல்லியான ஆள், நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் நாம் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். திட்டு வாங்கக் குனிந்து நிற்பதைப் போல ஒரு அவமானம் உலகத்தில் கிடையாது.

நான் சேர்ந்த முதல் வாரம் என் கர்ப்பிணிப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ரத்த அழுத்தக் கட்டத்தில் பென்சிலை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே போனார். 120/80, 120/80, 110/70, 120/80.

"மலையில எல்லாருக்கும் சேத்து ஒரே இதயமா?" என்றார், குனிந்தால்தான் கேட்கும்படியாக.

"அளந்துதான் எழுதினேன் மேடம்."

"அப்படியா? எனக்கு அளங்க."

முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். அவர் ஒவ்வொரு தவறாக எடுத்துச் சொன்னார். நடந்து வந்த பொம்பளை ஐந்து நிமிஷமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தரையில் படிந்திருக்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடித்து, நாடி நின்ற இடத்துக்கு மேலே முப்பது ஏற்றி, பாதரசத்தை மெதுவாக இறக்க வேண்டும். முதல் 'தொப்' எங்கே கேட்கிறது, சத்தம் எங்கே அடங்குகிறது என்று காதால் பார்க்க வேண்டும். "அந்தக் கண்ணாடிக் குழாயில ரெண்டு ரெண்டாத்தான் கோடு போட்டிருக்கு. நாலும் வரும், ஆறும் வரும், எட்டும் வரும். உங்களுக்கு மட்டும் பூஜ்யமே வருதே, எப்படி?" என்றார். பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அன்றையிலிருந்து நான் அளக்காமல் ஓர் எண்கூட எழுதியதில்லை. அதில் எனக்குக் கர்வமே உண்டு.

மூத்திரப் பரிசோதனைக்கும் அப்படித்தான் பழக்கினார். சோதனைக் குழாயில் முக்கால் பாகம் எடுத்து, இடுக்கியால் சாய்த்துப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் கொதிக்கவிட வேண்டும். மேலே வெள்ளையாகக் கலங்கினால் உடனே ஐயோ என்று கத்தக் கூடாது. அசிட்டிக் ஆசிட் மூன்று சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கலங்கல் கரைந்துவிட்டால் அது வெறும் உப்பு. கரையாமல் நின்றால் புரதம், அதாவது சிறுநீரகம் ஒழுகுகிறது. அதோடு ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் அந்தப் பெண்ணை அன்றைக்கே படுக்கையில் சேர்த்துக் கவனிக்க வேண்டும், விட்டால் வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தும்.

அந்த வலிப்பு யாருக்கு அதிகம் வரும் என்றால், தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு. அதனால் டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தலைச்சன் என்றால் அட்டையின் மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு. சிவப்புக் கோடு போட்டவர்களுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். அவர்கள் வரவில்லையென்றால் நான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். முன்பே சுகமாகப் பெற்றவர்களுக்குச் சிவப்புக் கோடு கிடையாது, மாதம் ஒருமுறை போதும்.

இந்த இடத்தில்தான் ராமாயி வருகிறாள்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குக்கிராமம் அவளுக்கு. மூன்றாம் மாதத்தில் பதிவு செய்ய வந்தாள். குடும்பப் பதிவேட்டைப் புரட்டினால் பெயர் ஏற்கெனவே இருந்தது: ராமாயி, க/பெ சின்னையன், குழந்தைகள் இரண்டு, இரண்டும் சுகப்பிரசவம். பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு புது அட்டையில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். கணவர் பெயர் சின்னையன். மூன்றாவது கர்ப்பம். சிவப்பு மைப் பேனாவைத் தொடவில்லை.

அவளுடைய பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு வெளியே பலாமரத்தடியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். நெட்டையான ஆள். சின்னையனை எனக்குத் தெரியும், முந்தைய பிரசவத்தில் பார்த்திருக்கிறேன், அவர் குள்ளம். இவர் அவர் இல்லை. ராமாயியின் அண்ணனாக இருக்கும் என்று நினைத்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பொய். அண்ணன் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்து வரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பெண் விலகி வந்து இன்னொருவரோடு குடும்பம் நடத்துவாள். அதில் யாருக்கும் ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை. பிள்ளைகள் மட்டும் அப்பன் வீட்டோடு நின்றுவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். லீவில் சின்னசேலத்துக்கு வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு இதைக் கதை கதையாகச் சொன்னவளே நான்தான். கீழே எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் 'இது யார் பிள்ளை' என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டால் அவள் மானமே போனது என்று அர்த்தம். அந்தத் தெருவை நான் பெட்டியோடு சேர்த்து மலைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். கேட்காமல் விட்டதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடிக்கும்போது ராமாயி வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள், "இதுனாச்சும் எங்கிட்டயே இருக்குமுங்க நர்சம்மா."

எனக்கு அது விளங்கவில்லை. கடைசிப் பிள்ளை என்கிறாள் போல என்று, "அப்ப இதோட ஆபரேசன் பண்ணிக்கிறியா?" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்குங்க? இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன்," என்று சிரித்தாள்.

"ரெண்டு பெத்துட்டு இன்னாடி ஆரம்பம்!" என்று நான் வேறு அதட்டினேன். அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் 118/76. ஆறாம் மாதம் 122/78. பூஜ்யம் கிடையாது, எல்லாம் நேர்மையாக அளந்த எண்கள். அடுத்த அளவு நான்கு வாரம் கழித்து. சிவப்புக் கோடு இருந்திருந்தால் இரண்டாவது வாரமே நான் அந்த ஆறு கிலோமீட்டர் நடந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகள் வரும் நாள். பதினோரு மணி இருக்கும், பெஞ்ச் நிறைய ஆட்கள். வெளியே கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தால், மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி நான்கு பேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். முன்னால் பிடித்திருந்தவர் அந்த நெட்டை ஆள்.

"இழுப்பு வந்துச்சுங்க நர்சம்மா! கை காலு வெட்டி வெட்டி இழுக்குதுங்க!"

ராமாயியின் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. நாக்கைக் கடித்து உதட்டோரம் ரத்தம். கூப்பிட்டால் முனகினாள்.

டாக்டர் வந்துவிட்டார். "எத்தனாவது கர்ப்பம்?"

"மூணாவது மேடம். முந்தினது ரெண்டும் சுகப்பிரசவம்."

"மூணாவதா?" டாக்டரின் கை ஒரு நிமிஷம் நின்றது. "முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? காய்ச்சல் இருந்துதா? எங்கனா கீழ விழுந்தாங்களா?"

மூன்றாவது பிரசவக்காரிக்கு, அதுவும் முன்னே ஒரு தொந்தரவும் இல்லாதவளுக்கு வலிப்பு என்றால் காக்காய் வலிப்பா, மூளைக்காய்ச்சலா என்றும் யோசிக்கத்தான் வேண்டும். நான் சொன்ன 'மூணாவது' என்ற ஒரு சொல் அவரை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டது. கழுத்தை மடக்கிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். அதற்குள் நான் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். 182/118. என் காதை என்னாலேயே நம்ப முடியாமல் மறுபடி அளந்தேன். அதேதான். குழாய் போட்டு மூத்திரம் எடுத்துக் கொதிக்க வைத்தேன். ஆசிட் விட்டும் கரையவில்லை, குழாய் முழுக்கத் தயிராக உறைந்து நின்றது.

டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஆள் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"வூட்டுக்காரருங்க."

"பேரு?"

"அண்ணாமலைங்க."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். சின்னையன் என்று என் கையெழுத்து. அப்புறம் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் குரல் இறங்கியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"கட்டிக்கிட்டு எத்தனை நாள்ல உண்டாச்சு?" என்று அண்ணாமலையிடம் கேட்டார்.

"மூணாம் மாசமேங்க."

"மக்னீசியம் எடுங்க," என்றார் என்னிடம்.

வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் எல்லா நிலையங்களிலும் இல்லாத காலம் அது. டாக்டர் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். நான்கு ஆம்பியூல் உடைத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து இருபது மில்லியாக்கி, கை நரம்பில் அவரே மெதுவாகச் செலுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். வேகமாகப் போனால் மூச்சே நின்றுபோகும். பிறகு ஒரு பக்கத்துக்கு ஐந்து ஆம்பியூல் வீதம் இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போட்டோம். நான் ஆம்பியூல் உடைக்கும்போது கண்ணாடி விரலைக் கிழித்தது. வலித்ததாகவே நினைவு இல்லை.

கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும் காலமும் இல்லை. நிலையத்து ஜீப்பில் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டோம். டாக்டர் வர முடியாது, இன்னும் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருத்திக்கு வலி வேறு எடுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓர் அனுப்பும் சீட்டு எழுதச் சொன்னார். அவசரத்தில் நான் அட்டையை அப்படியே பார்த்து எழுதினேன். டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மக்னீசியம் மிஞ்சினால் முறிக்க ஒரு கால்சியம் ஆம்பியூலை என் கையில் வைத்தார்.

"கால் மணிக்கு ஒருதரம் முட்டியில தட்டிப் பாருங்க, கால் உதறணும். மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க. பதினாறுக்குக் கீழ போய் அப்படியே நின்னா இதை உடைச்சு மெதுவா போடுங்க. எண்ணி எழுதுங்க. உத்தேசமா எழுதாதீங்க."

ஜீப் கிளம்பியது. மலைப்பாதையின் வளைவுகளில் ராமாயி உருளாமல் அண்ணாமலை அவள் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் முட்டியில் கையின் விளிம்பால் தட்டினேன். கால் உதறியது. மூச்சு பதினெட்டு. அடுத்த தடவை பதினேழு. பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று குறுக்கே சிக்கி நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், லாரிக்காரர் முன்னே போகவும் முடியாமல் பின்னே வரவும் முடியாமல் முழிக்கிறார். அண்ணாமலை குதித்து இறங்கி ஓடினார். சக்கரத்துக்குக் கல் கொடுப்பதும், "வா வா வா, ஒடி, ஒடி!" என்று கத்துவதும் கேட்டது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து. முட்டியில் தட்டினேன், கால் லேசாகத்தான் அசைந்தது. ஆம்பியூலை உடைக்கவா? நானே தப்பாக எண்ணிவிட்டேனா? உடைத்து ஊசியில் ஏற்றிவிட்டு இன்னொரு நிமிஷம் எண்ணுவது என்று முடிவு செய்தேன். "ராமாயி, மூச்ச வுடு தாயி, இழுத்து வுடு," என்று கத்திக்கொண்டே எண்ணினேன். பதினாறு. அடுத்த நிமிஷம் பதினேழு. ஊசியைக் கீழே வைத்துவிட்டு எண்ணியதை எழுதினேன். இருபது நிமிஷம் கழித்துத்தான் லாரி ஒதுங்கியது.

அண்ணாமலை வியர்வையோடு ஏறி உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு இது தலைச்சனுங்க. அதுக்குத்தான் ரெண்டு கீது, ரெண்டையும் அவங்கப்பன் வூட்டுல வுட்டுட்டு வந்துச்சு. பெரியவன் பெத்தவளப் பாத்தா வேலிக்கு அந்தாண்ட போயி நின்னுக்கிறானாம். ராவானா அழுவும். இந்தப் புள்ள ஒன்னாவது எங்கூட இருக்கும், எங்கூட இருக்கும்னு சொல்லிக்கினே இருக்கும். பொழைச்சிக்குமாங்க?"

இரண்டு உயிரையும் கேட்டாரா, அவளை மட்டும் கேட்டாரா தெரியவில்லை. "பொழைச்சிக்கும்," என்றேன். 'இதுனாச்சும் எங்கிட்டயே இருக்குமுங்க' என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவள் தன் வாழ்க்கை முழுவதையும் மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள், நான் குடும்பக்கட்டுப்பாடு பேசியிருக்கிறேன். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரும்வரை நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோகூட இல்லை. ஏழு மாதத்துப் பிள்ளை அவ்வளவுதான் இருக்கும், அதிலும் இது உள்ளேயே சாப்பாடு இல்லாமல் மெலிந்த பிள்ளை. விளக்குச் சூட்டில் வைத்தார்கள். அழுதது, பூனைக்குட்டி அளவுக்குக் குரல்.

சாயங்கால பஸ்ஸில் டாக்டர் வந்து சேர்ந்தார். ராமாயியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுதேன். அழுது முடித்ததும் சாதாரணக் குரலில் பேசினார்.

"பிள்ளையில பாதி அப்பனோடது. அம்மா உடம்புக்கு அந்தப் பாதி வெளி ஆளு. வெளி ஆளு எது உள்ள வந்தாலும் எதிர்த்து அடிக்கத்தான் நம்ம நோய் எதிர்ப்பு சக்தி இருக்கு. ஆனா பிள்ளைய அது அடிக்கக் கூடாது. விட்டா மட்டும் பத்தாது, கூட நின்னு உதவணும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில வேர் விடும்போது அங்க இருக்கற ரத்தக் குழாயெல்லாம் அகலமாகணும். அந்த வேலையில எதிர்ப்பு அணுக்களுக்கும் பங்கு இருக்கு. புது மாப்பிள்ளை முதல் தடவை வந்தா வீட்டு நாய் குலைக்குதில்ல? நாலு தடவை வந்தா வாலாட்டும். அதுமாதிரி, சேர்ந்து வாழ வாழ அந்த ஆளோட அம்சத்தை உடம்பு பழகிக்குதுன்னு சொல்றாங்க. பழகலன்னா குழாய் குறுகலாவே நின்னுடும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தாது. அது என்னென்னமோ பொருளை அம்மா ரத்தத்துல கலந்துவிடும். உடம்பு பூரா ரத்தக் குழாய் புண்ணாகும். பிரஷர் ஏறும், சிறுநீரகம் ஒழுகும், மூளை வரைக்கும் போகும்."

"அதனாலதான் தலைச்சனுக்கு ஜாஸ்தியா மேடம்?"

"அதனாலன்னுதான் நினைக்கறாங்க. ரெண்டாவதுக்கு உடம்பு அதே ஆளை ஏற்கெனவே பார்த்திருக்கும். ஆனா அப்பன் மாறிட்டா?" என்றார். "நமக்குத்தான் அவங்க மூணாவது. அவங்க உடம்புக்கு இது தலைச்சன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுல யாரு மேலயும் தப்பு கிடையாது. அந்தப் பொண்ணு மேலயும் இல்ல, அந்த ஆளு மேலயும் இல்ல. இது முழுசா முடிவான விஷயமும் இல்ல, இன்னும் வாதாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க கேட்டிருந்தா இது வந்தே இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் முன்னாடி பார்த்திருப்போம். அவ்வளவுதான் சொல்வேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்க்க எழுந்து போனார். அவ்வளவுதான் சொல்வேன் என்றாரே, அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? எனக்கு அது போதாதா?

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் நாள்வரை ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கேட்டேன். "இந்தப் புள்ளைக்கும் அப்பா அவருதானா?" என்று நேராக, நிமிர்ந்து பார்த்து. மலையில் ஒருத்திகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க, இது வேற," என்று சாமை விலை சொல்வதுபோலச் சொல்வார்கள். சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். இடைவெளி எத்தனை வருஷம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று பின்னால் வந்த டாக்டர்கள் சொன்னார்கள், அதையும் எழுதிக்கொண்டேன். கீழே மணலூர்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு மாமியார் வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசட்டும். கேட்டதால் வாங்கிய ஏச்சு எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

ராமாயி பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் தெளிந்தாள், பன்னிரண்டாம் நாள் மலையேறினாள்.

குழந்தை மறுநாள் காலை எட்டு மணிவரைதான் இருந்தது. ராமாயி அப்போது மருந்து மயக்கத்தில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது. எந்நேரமும் எங்கூட இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. அண்ணாமலைதான் வராந்தாவில் இருந்தார். டாக்டர் அவரிடம் போய்ச் சொன்னார். அவர் அழவில்லை, "சரிங்க" என்றார். "மலைக்குக் கொண்டுக்கினு போயிடறேன். அது எந்திரிச்சா நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

குழந்தையைக் கொடுப்பதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே இருந்தவர் வயதான மனிதர், நல்லவர்தான். நான் எழுதிய அனுப்பும் சீட்டை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"தகப்பன் சின்னையன். சின்னையன் யாருப்பா?"

"நாந்தாங்க தகப்பன்," என்றார் அண்ணாமலை.

"சின்னையனா நீ?"

"இல்லீங்க. அண்ணாமலை."

"அப்ப ஒங்கிட்ட எப்படிப்பா குடுக்கறது? சின்னையன வரச் சொல்லு."

"அவரு வேற ஆளுங்க. இது எம் புள்ளைங்க."

"சீட்டுல அப்படி இல்லியே."

அரை மணி நேரம் அவர் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் வார்டில் ராமாயிக்கு அளவு பார்த்துவிட்டு வெளியே வரும்போதுதான் பார்த்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்துக் கையில் ஏந்தி வைத்திருந்தார், வாங்குவதற்கு.

ஜன்னலுக்குப் போய்ச் சீட்டை வாங்கினேன்.

"யாரும்மா இத எழுதினது?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன்."

சின்னையன் என்பதை அடித்தேன். மேலே அண்ணாமலை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். அந்த மனிதரின் பெயரை நான் முதன்முதலாக எழுதியது அப்போதுதான். உள்ளேயிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து துண்டில் வைத்தார்கள். அண்ணாமலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதினீங்க நர்சம்மா?" என்று கேட்டார்.

"தகப்பன் பேரு அண்ணாமலைன்னு."

அவர் தலையாட்டினார். "இத மின்னயே எழுதியிருக்கலாமுங்களே," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தார். அவர் சொன்னது அந்த அரை மணி நேரத்தைத்தான்.